ஸ்க்ரூவுக்கு வருஷம் தெரியும், வாசித்தவர் பெயர் தெரியுமா?

மக்களே, இங்கே நம்மவர்கள் கூடும் வார இறுதி விருந்துகளில் புதுசாக ஒரு சண்டை. பழைய மாடல் என்று சொல்லிப் புதிதாகச் செய்து விற்கிறார்களே பேஸ் கிட்டார், அதில் எது 'அச்சு அசல்' என்பதுதான் வழக்கு. 1957-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் பிக்கப் இரண்டு துண்டானது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் முதலில் குமிழ் மேல் குமிழ், பிறகு மூன்று தனிக் குமிழ். 1982-இல் ஃபெண்டரே '57, '62 மாடல்களை மறுபடி செய்து விற்க ஆரம்பித்தது. கழுத்துப் பலகையில் இருக்கும் புள்ளி களிமண் நிறமா, முத்து நிறமா என்று பிரியாணி ஆறும்வரை வாதாடுகிறார்கள்.

இதில் 'ரெலிக்' என்று ஒரு வகை. புது கிட்டாரைத் தேய்த்து, பெயின்டைச் சுரண்டி, முப்பது வருஷம் வாசித்த மாதிரி ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். கிழிந்த நோட்டை வாங்கிக்கொண்டு நல்ல நோட்டு கொடுப்பது எங்கள் பேங்க் வேலை. நல்ல நோட்டைக் கிழித்து லாபம் பார்க்கும் வித்தையை பி.காம்.-இல் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் இடுக்கி எல்லைக்காரன். கம்பம்மெட்டில் நின்றால் கீழே தெரியும் பள்ளத்தாக்கில்தான் பண்ணைப்புரம், இளையராஜாவின் ஊர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் அண்ணன் பாவலர் வரதராசன் பாடியது எங்கள் மலைப்பக்கம்தான். வடக்கே பாலக்காடு எல்லையில் எலப்புள்ளி, எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த ஊர். இந்த இரண்டு எல்லைக்காரர்களின் பாட்டில்தான் நாம் வளர்ந்தோம். 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாட்டுகளை ஹெட்போனில் கேளுங்கள். பாடகருக்குக் கீழே பேஸ் தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டு போகும்.

வாசித்தது யார்? அந்தக் கால இசைத்தட்டு, கேசட் அட்டைகளில் பொதுவாக இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், கம்பெனி, அவ்வளவுதான். ராஜா குழுவில் பல்லாண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். டிரம்ஸ் புருஷோத்தமன். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? 1962 ஸ்க்ரூவின் தலை எப்படி இருக்கும் என்று மட்டும் கேளுங்கள், படமே வரைந்து காட்டுவார்கள்.

"எல்லா ஊரிலும் அப்படித்தான் சார்" என்பார் ஒருவர். ஆமாம், அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. மோட்டவுன் கம்பெனியின் ஹிட்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷன் பேஸ் வைத்திருந்தவர். சுருள் தெரியாத வழவழ கம்பி, கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்ச், வலது கையில் ஒரே ஒரு விரல். அந்தக் குழுவின் பெயர் ஆல்பம் அட்டையில் ஏறவே 1971 ஆனது, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். 1983-இல் ஜேமர்சன் இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்த கிட்டாரும் திருடு போனது. இன்று அதே கம்பி, அதே ஸ்பாஞ்ச் போட்டு வாசிக்கிறவர்கள் ஏராளம். அந்த விரலை யார் மறுபடி செய்து விற்பது?

நுணுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பியும் ஸ்பாஞ்சும் நாதத்தை மாற்றும், அது நியாயமான ஆராய்ச்சி. சுரண்டிய பெயின்ட் எதை மாற்றும்? அசல் அசல் என்று கத்துகிறவர்கள், அசலாக வாசித்தவரை விட்டுவிட்டால் அது என்ன அசல்?

கணக்குப் படித்தவனாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. நாற்பது வருஷமாக இந்தப் பாட்டுகளை அனுபவித்துப் பற்று எழுதிவிட்டோம். வரவுப் பக்கம் காலி.

பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிடும் கம்பெனிகளுக்கு எழுதுங்கள்: அட்டையின் கலர் அச்சு அசலாக இருப்பது இருக்கட்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் வாசித்தவர் பெயரைப் போடுங்கள் என்று. வாசித்தவர்களில் பலர் இப்போது இல்லை. விசாரித்து எழுத ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். களிமண் புள்ளி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.