சாவியைக் கொடுக்கும் முன் விலையைக் கேளுங்கள்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. பஸ் ஒழுங்காக வராத தாமான்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போகவும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடவும் பழைய சாகாவோ மைவியோதான் துணை. நாள் சம்பளக்காரருக்கு அது மூன்று நாள் பட்டறையில் நின்றால், சம்பளமும் மூன்று நாள் நிற்கும்.

2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. வாகனப் பழுதுபார்ப்பும் அதில் அடங்கும். செலவு கூடும்போது பில்லைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கமும் கூட வேண்டும். ஆனால், "பார்த்துச் செய்யுங்க அண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் இன்னும் நம் வழக்கம். 300 வெள்ளி என்று நினைத்துப் போனவர் 900 வெள்ளி பில்லைப் பார்த்துத் திகைப்பது அதனால்தான்.

அந்த நேரத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை காரைப் பிடித்து வைத்துக்கொள்ள, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பட்டறைக்கு உரிமை தருகிறது. கார் அவர்கள் கையில். மறுநாள் வேலை நம் தலையில். பேரம் பேச வேண்டிய நேரம் சாவியைக் கொடுக்கும் முன்புதான்.

சட்டம் நமக்கும் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலை கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். விலை முன்பே பேசப்படாவிட்டால், நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிப்பதற்கென்றே 2002இல் தனி விதிமுறைகளும் வந்தன.

ஆனால் சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, வாட்ஸ்அப் போதும்.

• என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தப் பாகம், என்ன விலை என்று போமேனிடம் எழுத்தில் கேளுங்கள்.

• பாகம் ஒரிஜினலா, லோக்கலா, பழைய காரிலிருந்து கழற்றியதா என்பதையும் கேளுங்கள். விலையும் உழைக்கும் காலமும் அதைப் பொறுத்தவை.

• "என்னைக் கேட்காமல் வேறு எதையும் மாற்ற வேண்டாம், கழற்றிய பாகத்தை எடுத்து வையுங்கள்" என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

• பில்லில் சேவை வரி இருந்தால் வரிப் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு செய்யாத பட்டறை அந்த வரியை வசூலிக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பில் எகிறினால், பணத்தைக் கட்டிக் காரை எடுங்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி மட்டுமே. 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்: இது சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்குத்தான். வியாபார லோரிக்கு நீதிமன்றம்தான் வழி.

'நம்ம ஆளு கடை, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே' என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நம் இளைஞர்கள் பலர் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். பேசிய விலையை மறந்து, கடன் சொல்லிவிட்டுப் போகும் வாடிக்கையாளரால் நொந்துபோகிறவர்களும் அவர்களே. எழுதி வைத்த விலை அவர்களுக்கும் பாதுகாப்பு. நேர்மையாகத் தொழில் செய்பவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போவது நல்லது.