பச்சை நிறத்துக் கொள்கை

அமெரிக்கர் தம் நாட்டுப் பெருங்கட்சிகள் இரண்டையும் நிறத்தாற் பிரித்து வழங்குவர். குடியரசுக் கட்சி சிவப்பு. மக்களாட்சிக் கட்சி நீலம். தாலர்த் தாளின் நிறமோ பச்சை. ‘பாக்சு’ செய்தித் தொலைக்காட்சியின் முதலாளி இரூபர்ட்டு மர்டோக்கு, தேர்தற் புளுகைப் பரப்பிவந்த தலையணை வணிகர் ஒருவரின் விளம்பரங்களைத் தம் தொலைக்காட்சி ஏன் கைவிடவில்லை என்று வழக்கொன்றில் வினவப்பட்டார். அது சிவப்போ நீலமோ பற்றியதன்று, பச்சையே பற்றியது என்று அவரே ஒப்பினார். 2023-இல் அவ்வழக்கின் ஆவணங்கள் வெளிவந்தபோது உலகம் அதனைப் படித்தது.

இந்நிறுவனத்தை வலச்சாரிக் கொள்கையின் கோட்டையெனப் போற்றுவார் உளர். அதே பெயரிட்டுத் தூற்றுவாரும் உளர். இருசாராரும் கண்டுகொள்ளாதது ஒன்றுண்டு. அக்கோட்டைக்குள் கொள்கை குடியிருந்தது குடிக்கூலிக்கே! கூலி தரும் கை மாறியபோதெல்லாம் உள்ளிருந்த கொள்கையும் மூட்டை கட்டிக்கொண்டது.

தந்தையார் 1952-இல் மறைந்தபின் ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து நாளேடொன்றைக் கைக்கொண்டு தொழிலில் இறங்கிய மர்டோக்கு, 1972-இல் தொழிற்கட்சித் தலைவர் விட்லம் ஆட்சிக்கு வரத் தம் இதழ்களைத் துணைநிறுத்தினார். மூன்றே ஆண்டில், 1975-இல், அதே விட்லத்தை வீழ்த்த அவ்விதழ்கள் வரிந்துகட்டி நின்றன. ஒருசார்பாக எழுதப் பணிக்கப்படுவது பொறாமல் அவருடைய எழுத்தாளர்களே வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளியின் கொள்கை அங்குள்ள எழுத்தாளனின் கொள்கையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிரித்தானியாவில் அவர் 1969-இல் வாங்கிய ‘தி சன்’ நாளேடு செய்தது இன்னும் நயமானது. 1979 முதல் 2024 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும், எக்கட்சி ஆட்சியமைத்ததோ அக்கட்சியையே அந்நாளேடு தாங்கியது. தாட்சரைத் தாங்கியது, மேசரைத் தாங்கியது. தொழிற்கட்சித் தலைவர் பிளேர் 1995 சூலையில் ஆத்திரேலியத் தீவொன்றுவரை பறந்துசென்று மர்டோக்கின் மேலாளர் கூட்டத்திற் பேசினார். 1997 மார்ச்சில் ஏடு அவர் பக்கம் சாய்ந்தது. 2009-இல் மீண்டும் பழமைக் கட்சி. 2024-இல், வாக்குப்பதிவுக்கு முதல்நாள், மீண்டும் தொழிற்கட்சி. மனம் மாறுதல் எவர்க்கும் உரிமையன்றோ என்று வாதிடுவார் இருக்கலாம். மாறலாம். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டு தோற்கும் பக்கம் ஒருமுறையேனும் நில்லாத மனமாற்றத்தைக் கொள்கையென்பதா, குதிரைப் பந்தயக் கணக்கென்பதா?

சாய்வுக்குக் கைம்மாறும் கிடைத்தது. 1981-இல் ‘தி டைம்சு’, ‘சண்டே டைம்சு’ ஆகியவற்றையும் அவர் வாங்கியபோது, அவ்வாணையம் இவ்வாணையம் என்று எதன் ஆய்வுக்கும் அரசு அதனை அனுப்பவில்லை. அவ்வாண்டு சனவரியில் தாட்சரின் ஊர்ப்புற மாளிகையில் இருவரும் உடனமர்ந்து உண்டது மறைவாகவே இருந்து, முப்பத்தோராண்டு கழித்து 2012-இல்தான் வெளிப்பட்டது. 1986-இல் வாப்பிங்கு என்னும் இடத்திற்கு அச்சகத்தை மாற்றி ஏறத்தாழ 5,500 தொழிலாளரை அவர் தெருவில் விட்டபோதும் காவற்படை காத்தது முதலாளியின் வாயிலையே.

சீனத்தின் கதை தனிச்சுவையுடையது. 1993-இல் ‘சுடார்’ தொலைக்காட்சியின் பெரும்பங்கை 52.5 கோடித் தாலருக்கு வாங்கிய கையோடு, செயற்கைக்கோள் ஒளிபரப்பு வல்லாட்சிகளுக்கெல்லாம் அச்சுறுத்தல் என்று இலண்டனில் முழங்கினார். அடுத்து வந்த திங்களிலேயே பெய்சிங்கு அரசு வீடுகளில் வானலைத் தட்டு வைப்பதைத் தடைசெய்தது. உரிமைக் குரல் அத்தோடு அடங்கிற்று. 1994-இல் சீன வான்பரப்பிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பைச் ‘சுடார்’ நீக்கியது. 1998-இல் ஆங்காங்கின் கடைசி ஆங்கிலேய ஆளுநர் பேட்டன், சீன ஆட்சியைக் குறைகூறி எழுதிய நூலை மர்டோக்கின் வெளியீட்டகமே கைவிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்டது. பொதுவுடைமைக் கட்சியோடும் ஒத்துப்போகவல்ல வலச்சாரிக் கொள்கை! (2019-இல் 7,130 கோடித் தாலர் விற்பனையில் திசுனியின் கைக்குப் போகும்வரை தமிழ்நாட்டின் விசய் தொலைக்காட்சியும் இக்குடையின் கீழ்தான் இருந்தது.)

இனி, மேற்சொன்ன வழக்கு. 2020 நவம்பர் 3-ஆம் நாளிரவு, அரிசோனா மாநிலம் பைடன் பக்கம் என்று முதலில் அறிவித்தது பாக்சுத் தொலைக்காட்சியே. உண்மையைச் சொன்ன அக்குற்றத்திற்காகப் பார்வையாளர் வேறு ஒளிபரப்புகளை நாடினர். நடுங்கிய நிறுவனம், தொமினியன் குழுமத்தின் வாக்குப் பொறிகள் தேர்தலைக் களவாடினவென்னும் கட்டுக்கதைக்கு மேடையமைத்தது. திரையில் அக்கதை, திரைக்குப் பின்னாலோ அதனை நம்பாத நகைப்பு! தொனால்டு திரம்பின் கூற்றொன்றைப் பொய்யெனச் சுட்டிய பெண் செய்தியாளரை வேலைநீக்க வேண்டுமென்று முன்னணி நிகழ்ச்சியாளர் ஒருவர் உடன்பணியாளர்க்கு எழுதினார். அவர் காட்டிய ஏது, பங்குவிலை வீழ்கிறது என்பது. பொய்யுரைஞரை மேடையேற்றுவதைத் தாம் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்று மர்டோக்கே உறுதிமொழியின்கீழ்க் கூறினார்.

தொமினியன் பற்றிய அக்கூற்றுகளுள் ஒன்றேனும் உண்மையன்று என்று 2023 மார்ச்சு 31-இல் நடுவர் தீர்த்தார். ஏப்பிரல் 18-இல், விசாரணை தொடங்கும் தறுவாயில், நிறுவனம் 78.75 கோடித் தாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஏமாற்றப்பட்ட பார்வையாளனுக்கு அத்திரையில் ஒரு மன்னிப்புரையும் இல்லை. இழப்பீடு பெற்றது பொறி செய்த நிறுவனம்; பொய்யை உண்டவனுக்கு என்ன கிடைத்தது? தன் நாட்டுத் தேர்தலின்மேல் நம்பிக்கை இழந்தவன் எந்த மன்றத்தில் வழக்கிடுவான்?

கடைசியிற் குடும்பத்துக்குள்ளேயே உண்மை உடைந்தது. நால்வர் பிள்ளைகளுக்கும் ஒப்பக் கிடைக்கவிருந்த ஆளுமையை மூத்தமகன் இலாக்லனுக்கே உரியதாக்க மர்டோக்கு வழக்காடியபோது முன்வைத்த ஏது யாது? பிற மக்கள் தலையிட்டு வலச்சாரிச் சாய்வை மாற்றினால் நிறுவனத்தின் வணிகமதிப்புக் கெடும் என்பதே. 2024 இறுதியில் நெவாடா முறைமன்ற அலுவலர் அதனை ஏற்க மறுத்தார். 2025 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஏனைய மூவரும் ஆளுக்கு ஏறத்தாழ 110 கோடித் தாலர் பெற்று விலகினர். சாய்வு இலாக்லனிடம் சேர்ந்தது.