சொல்லும் பொருளும்: ‘ரெஃபூல்மோன்’



புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கிடைக்கும் கடிதங்களில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்தில் பார்த்து வருகிறோம். இம்முறை எடுத்திருப்பது ஆங்கிலத்தில் அரிதாக வரும் ஒரு சொல்: ‘ரெஃபூல்மோன்’. ஆங்கிலப் பத்திரிகையில் அதைக் காண்பது குறைவு. ஆனால் லோயரின் கடிதத்திலோ தீர்ப்பிலோ வந்துவிட்டால் முழுக் கேசும் அந்த ஒரு சொல்லில் தொங்கும்.

நாங்கள் ஓ.எல்.லுடன் படிப்பை விட்டு, இப்போது பக்டரியில் சிப்ட் வேலை செய்கிற ஆட்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல. இதை வாசித்துவிட்டு லோயரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சொல் பிறப்பால் பிரெஞ்சு. மொன்றியலில் இருக்கும் எங்களுக்கு அது ஒரு வசதி. வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ‘ரெஃபூல்மோன் டேகூ’ என்று இருக்கும். கழிவுநீர்க் குழாய் நிரம்பி, வெளியே போன தண்ணீர் திரும்பவும் நிலக்கீழ் அறைக்குள் ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் டெபி புயலின் மழை கொட்டியபோது இந்த நகரத்தில் பலர் வாளியோடு நின்றார்கள். அவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. ஒன்றை அது வந்த வழியே பின்னுக்குத் தள்ளுவது என்பதுதான் இதன் அடிக்கருத்து.

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் பிரிவில் இந்தச் சொல் இருக்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு ஓர் அகதியை எந்த வகையிலும் அனுப்பக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ஆங்கில வாசகத்தில் திருப்பி அனுப்புதல் என்பதற்கான சாதாரண ஆங்கிலச் சொல்லை எழுதி, அது போதாதென்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிரெஞ்சு வினைச்சொல்லையும் வைத்தார்கள். கனடா 1969இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இலங்கையும் இந்தியாவும் இன்றுவரை சேரவில்லை.

எங்கள் சனத்துக்கு எல்லாமே ‘டிப்போட்’தான். கடிதத்தில் எந்தச் சொல் இருந்தாலும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். கனடாச் சட்டத்தில் வெளியேற்றும் உத்தரவு மூன்று வகை. ‘டிப்பாச்சர் ஓடர்’ நடைமுறைக்கு வந்தால் 30 நாட்களுக்குள் வெளிக்கிட வேண்டும். போகும்போது எல்லை அதிகாரிகளிடம் பதிவு செய்தும் போக வேண்டும். இரண்டையும் சரியாகச் செய்தால் பின்னொரு காலத்தில் திரும்பி வர விசேட அனுமதி தேவையில்லை. நாள் தவறினாலோ பதியாமல் போனாலோ அதுவே ‘டிப்போட்டேசன் ஓடர்’ ஆகிவிடும். அதன் பிறகு எழுத்தில் அனுமதி பெறாமல் ஒருநாளும் வர முடியாது. இடையில் ‘எக்ஸ்குளூசன் ஓடர்’ என்று ஒன்று, பொதுவாக ஒரு வருடத் தடை, பொய்த் தகவல் கொடுத்ததற்கென்றால் ஐந்து வருடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகதிக் கோரிக்கை வைக்கும்போதே நிபந்தனையோடு கூடிய ஒரு டிப்பாச்சர் ஓடரைக் கையில் தருவது வழக்கம். கோரிக்கை முடிவாகும்வரை அது உறங்கிக் கிடக்கும். அதைப் பார்த்துப் பயந்து வீடு மாறி ஒளிக்காதீர்கள். விசாரணைக்குப் போகாமல் விட்டால்தான் ஆபத்து.

‘எக்ஸ்ரடிசன்’ வேறு சங்கதி. குற்ற வழக்குக்காக ஒரு நாடு கேட்க, மற்ற நாடு ஆளைப் பிடித்து ஒப்படைப்பது.

அப்படியென்றால் ரெஃபூல்மோன் இவற்றில் எது? எதுவுமில்லை. மற்றச் சொற்கள் எப்படி அனுப்புகிறார்கள் என்பதைச் சொல்கின்றன. இது எங்கே அனுப்புகிறார்கள், அங்கே என்ன நடக்கும் என்று கேட்கிறது. ஆபத்தில்லாத நாட்டுக்கு ஒருவரை டிப்போட் பண்ணினால் அது ரெஃபூல்மோன் அல்ல. உத்தரவு எதுவும் இல்லாமல் எல்லையில் வைத்தே ஒருவரை ஆபத்துக்குள் திருப்பித் தள்ளினால் அது ரெஃபூல்மோன். சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டு உடன்படிக்கை வெளியேற்றுவது, ரெஃபூல்மோன், குற்றத்துக்காக ஒப்படைப்பது மூன்றையும் ஒரே வசனத்தில் தனித்தனியாக எழுதித் தடுத்திருக்கிறது.

சொல்லுக்குப் பொருள் பிடிப்பதில் உயிர்களே போகலாம். பக்கத்து மெசினில் நிற்கும் ஹெயிற்றிக்காரரைக் கேளுங்கள். ஹெயிற்றியிலிருந்து வள்ளத்தில் வந்தவர்களை அமெரிக்கா நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரெஞ்சு அகராதிகளை விரித்து, இந்தச் சொல் எல்லைக்கு வந்தவர்களைத் தள்ளுவதையே குறிக்கும், நடுக்கடலுக்குப் பொருந்தாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. அந்த ஒரு நீதிபதி, பிளாக்மன், திருப்பி அனுப்புவது திருப்பி அனுப்புவதுதான் என்று நின்றார். எங்களுக்கு அவர் சொன்னதே சரியாகப் படுகிறது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மத்தியதரைக் கடலில் பிடித்தவர்களை லிபியாவுக்கு அனுப்பிய இத்தாலி செய்தது பிழை என்று தீர்த்தது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தபோது கனடா அவர்களைத் திருப்பித் தள்ளவில்லை.

ஆனால் ‘நாட்டில் பிரச்சினை’ என்று சொன்னால் மட்டும் இந்தப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. 1988இல் பிரித்தானியா ஐந்து தமிழரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. 1991இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம், நாட்டின் பொதுநிலை குழப்பமாக இருப்பது போதாது, மற்றவர்களைவிட இவர்களுக்குத் தனிப்பட்ட ஆபத்து இருந்ததாகக் காட்டப்படவில்லை என்று சொல்லிவிட்டது. 2008இல் இன்னொரு தமிழர் தன் கைது, அடி, உடம்பிலுள்ள தழும்பு எல்லாவற்றையும் முன்வைத்து அங்கேயே வென்றார். உங்கள் கதையை எழுதும்போது ஊர்க்கதையோடு நிற்க வேண்டாம். உங்களை யார் தேடினார்கள், எந்த மாதம், எந்த முகாம் என்று எழுதுங்கள். தழும்பு இருந்தால் டொக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள்.

அடுத்த இதழில் ‘ஸ்ரே’ என்ற சின்னச் சொல்லைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் விளங்காத சொல் இருந்தால், பெயரையும் கேஸ் நம்பரையும் மறைத்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.