பை சுமந்தவரும் ஆடட்டும்

கோல்ப் ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவரோ, தம்பானூரில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரோ அந்த மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கவடியாரில் சுமார் 25 ஏக்கரில் விரிந்து கிடக்கும் அந்தப் பசும்புல் மைதானம், மன்னராட்சிக் காலத்தில் அரண்மனையைச் சார்ந்தவர்களுக்கும் துரைமாருக்கும் என்று ஏற்பட்டது. ஆனால் நிலம் அரசுக்குச் சொந்தம். குத்தகை விவகாரத்தில் அரசும் கிளப்பும் பல ஆண்டுகள் கோர்ட்டுப் படி ஏறின. மத்திய அரசின் விளையாட்டு ஆணையமும் அங்கே கோல்ப் பயிற்சிக் கழகம் ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. நிலமும் பணமும் பொதுமக்களுடையவை என்று ஆன பிறகு, இது பணக்காரர் விவகாரம் என்று ஒதுங்கிப் போவது சரியல்ல.

இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கல்கத்தாவில் 1829-ல் ஏற்பட்ட ராயல் கல்கத்தா கோல்ப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே உள்ள கோல்ப் கிளப்புகளில் மிகப் பழமையானது. அங்கே புல்தரையைப் பராமரித்த ஊழியர் ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. வாத்தியார் வைத்துப் பாடம் கேட்டவர் அல்லர். மெம்பர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1997-ல் தொழில் ஆட்டக்காரர் ஆனார். இந்திய ஓபன் போட்டியில் 1999, 2006, 2013, 2015 என்று நான்கு முறை இரண்டாம் இடத்தோடு திரும்பினார். வேறொருவராக இருந்தால் மட்டையைப் பரண்மேல் போட்டிருப்பார். இவரோ 2016-ல் அந்தக் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டு மறுபடியும் வென்றார். பந்தைக் குறைந்த தடவை அடித்துக் குழியில் சேர்ப்பவரே இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர். 2017-ல் சௌராசியா, இரண்டாவதாக வந்தவரைவிட ஏழு தடவை குறைவாக அடித்திருந்தார். அதற்கு முன்பே, 2011-ல் டில்லிக்கு அருகே நடந்த அவந்தா மாஸ்டர்ஸ் போட்டியில், ராபர்ட் கோல்ஸ் என்ற ஆங்கிலேய வீரரை ஒரே ஒரு அடியில் பின்னுக்குத் தள்ளியவர் அவர். 112 ஆண்டுகளுக்குப் பின் 2016-ல் ஒலிம்பிக்கில் கோல்ப் மீண்டும் இடம்பெற்றபோது, ரியோ நகருக்குச் சென்ற இந்தியரில் ஒருவராகவும் இருந்தார்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. இந்திய ஓபன் 1964-ல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில் ஆட்டக்காரர் அலி ஷேர். வென்ற ஆண்டு 1991. அவர் டில்லி கோல்ப் கிளப்பில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். 1993-ல் மீண்டும் வென்றார். 2009-ல் வென்ற சி. முனியப்பா, பெங்களூரில் அதே சுமைத் தொழிலில் இருந்தவர். அந்தத் தொழிலாளிக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் போலீஸ் பட்டியலில் இருப்பவன் என்று பொருள் வந்து சேர்ந்தது. இந்தக் கேடிகள் நாட்டுக்குக் கோப்பை கொண்டுவந்தவர்கள்.

ஆட்டம் வளர்ந்த இங்கிலாந்திலும் கதை இதுதான். ஜே.எச். டெய்லர் 1871-ல் டெவன் மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 11 வயதில் படிப்பை விட்டார். பை சுமந்தார், பெரிய வீட்டில் பூட்சுக்குப் பாலிஷ் போட்டார், மைதானத்தில் கூலி வேலை பார்த்தார். பட்டாளத்தில் சேரப் போனபோது கண்பார்வையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவர்தான் 1894-ல் பிரிட்டிஷ் ஓபனை வென்ற முதல் ஆங்கிலேயத் தொழில் ஆட்டக்காரர். மொத்தம் ஐந்து முறை வென்றார். அன்று தொழில் ஆட்டக்காரர்கள், கிளப் கட்டடத்துக்குள் நுழைய முடியாத வேலைக்காரர்களாகவே நடத்தப்பட்டார்கள். மட்டையும் பந்தும் விற்று அவர்கள் பிழைத்த கடை உரிமையிலும் கிளப்புகள் கைவைக்கத் தொடங்கின. டெய்லர் கோப்பைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சகாக்களைத் திரட்டி 1901-ல் சங்கம் கண்டார். அதன் முதல் தலைவரும் அவரே. சங்கம் வைத்துப் பழகிய நம்மவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 1957-ல், எந்த மைதானத்தில் பையனாகப் பை சுமந்தாரோ அந்த ராயல் நார்த் டெவன் கிளப்பே அவரைத் தன் தலைவராக்கிக்கொண்டது.

இதையெல்லாம் சொல்வது, ஏழைப் பையன் எல்லாரும் சாம்பியன் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டுவதற்கு அல்ல. ஆயிரத்தில் ஒருவருக்கே அந்த வாய்ப்பு. மற்றவர்கள் வெயிலில் மைல் கணக்கில் நடந்து, 14 மட்டைகள் வரை உள்ள பையைத் தோளில் சுமந்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் போகிறவர்கள். மழை கொட்டினால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் கூலியும் இல்லை. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் அதன் பொருள் என்ன என்பது தினக்கூலிக்காரருக்குத் தெரியும். தலைச்சுமைத் தொழிலாளிக்கு 1978-ம் ஆண்டுச் சட்டமும் நலநிதியும் கொடுத்த மாநிலம் கேரளம். தோள்சுமைத் தொழிலாளியின் கணக்கையும் தொழிலாளர் இலாகா ஒரு முறை எடுத்துப் பார்த்தால் என்ன?

மைதானத்தைப் பற்றிக் கேட்பதும் பெரிய சலுகை அல்ல. வாரத்தில் ஒரு நாள் காலை, பை சுமப்பவர்களும் ஊழியர்களின் பிள்ளைகளும் ஆடிப் பழக அனுமதி நிச்சயமாக வேண்டும். இந்தியாவில் பல கிளப்புகளில், மெம்பர்கள் ஆடாத திங்கட்கிழமைகளில் இந்த வழக்கம் உண்டு. ஒரு செட் புது மட்டையின் விலை சாதாரணக் குடும்பத்தின் பல மாதச் செலவு. ஆகவே மெம்பர்கள் கழித்துப் போடும் மட்டைகளைச் சேர்த்து வைத்து, பழகுகிறவர்களுக்கு இரவல் தரலாம். அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சியில், சம்பளம் கட்ட இயலாத பிள்ளைகளுக்குச் சில இடங்களை ஒதுக்குவது நியாயம்.

சேர்க்கை அறிவிப்பு ஆங்கிலப் பத்திரிகையில் மூலையில் ஒரு கட்டமாக வந்தால் மட்டும் போதாது. அரசுப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும், சாலையில் உள்ள அரசு தமிழ்ப் பள்ளி உட்பட, அது மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவே ஒட்டப்பட வேண்டும்.