கயிறு கட்டாத தவக்குல்





சென்ற ஆண்டு ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றின் காலையில் வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த, நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார் காற்றடைத்த ரப்பர்ப் படகு ஒன்றைக் கொண்டுவந்திருந்தனர். புதிய படகு, புதிய மோட்டார். அன்றுதான் அதை முதன்முதலாக நீரில் இறக்கினார்கள். நால்வர் அமரும் படகில் ஆறு பேர் ஏறினார்கள். குழந்தைகள் இருவரின் புயங்களில் நீச்சல் குளத்துக் காற்றுப் பட்டைகள் இருந்தன. பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “பாய், மேக்காத்து அடிக்குது. இந்தப் பலூனை வெளியே இழுத்துக்கிட்டுப் போயிடும். இன்னிக்கு வேணாம்” என்றார். “கடல் குளம் மாதிரி இருக்கு பெரியவரே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று பதில் வந்தது.

இருபது நிமிடங்களில் மோட்டார் நின்றது. துடுப்புகளில் ஒன்று வீட்டிலேயே கிடந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு சிறு புள்ளியாயிற்று. அந்தப் பெரியவரின் மகன்தான் தம் ஃபைபர் படகை இறக்கிச் சென்று, கயிறு கட்டி இழுத்து வந்தார். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. அன்று பகல் விருந்தில் “நம் தக்தீர் நன்றாக இருந்தது” என்று பேசிக்கொண்டார்கள். காப்பாற்றிய இளைஞரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

கரையில் நின்ற நாமும் வாய் திறக்கவில்லை. விருந்தாளிகளின் மனம் புண்படுமே, உறவு கெடுமே என்று நாவை அடக்கிக்கொண்டோம். மத்ரஸாவில் பிள்ளைகளுக்குத் தவக்குல் பாடம் நடத்தும் நமக்கு அது தகாத மௌனம். அதற்காக வெட்கித்தான் இதை எழுதுகிறோம்.

எந்தத் தக்தீரைப் பேசுகிறோம்?

“அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்பது ஈமானின் சொல். ஆனால் ஒரு முஃமின் தன் பங்கைச் செய்து முடித்த பின்னர் சொல்ல வேண்டிய சொல் அது. தன் பங்கைச் செய்யாதவன் அதை முன்கூட்டியே சொன்னால், தன் சோம்பலுக்குப் படைத்தவனைப் பொறுப்பாக்குகிறான் என்றே பொருள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கவா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைக்கவா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அனைவருக்கும் அது மனப்பாடம். இன்னொரு நபிமொழியைத்தான் நாம் மேடைகளில் சொல்வதில்லை. தடுப்பு இல்லாத மொட்டைமாடியில் உறங்கி விழுந்து மாண்டவரையும், கடல் கொந்தளிக்கும் வேளையில் அதில் பயணம் செய்து மாண்டவரையும் குறித்து, அவர்களுக்குரிய பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்தில் அது முஸ்னத் அஹ்மதிலும் இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதிலும் பதிவாகியுள்ளது. கடற்பயணப் பாதுகாப்பு மார்க்கத்திற்குத் தொடர்பில்லாத உலக விஷயம் என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நூஹ் (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். படகே இல்லாமல் அவரைக் காப்பாற்ற அல்லாஹ்வுக்கு இயலாதா? ஆயினும் கப்பலைக் கட்டும்படி அவருக்குக் கட்டளை வந்தது. பலகைகளாலும் ஆணிகளாலும் ஆன கலம் என்று கமர் அத்தியாயம் அதை வருணிக்கிறது. வஹீ பெற்ற நபிக்கே தச்சுவேலை தேவைப்பட்டது என்றால், கடையில் வாங்கிய படகில் ஏறும் நமக்கு ஒரு சோதனையும் வேண்டாமா? கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டிற்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பதே அவர் தந்த விளக்கம். லைஃப் ஜாக்கெட் அணிவதும் அவ்வாறு இன்னொரு விதியை நோக்கிச் செல்வதுதான்.

“நீரில் மூழ்கி மாண்டவர் ஷஹீத் ஆயிற்றே” என்று சிலர் ஆறுதல் கூறுகிறார்கள். ஆம், புகாரியில் வரும் நற்செய்தி அது. துயரத்தில் வீழ்ந்த குடும்பத்திற்கு அல்லாஹ் தந்த அருள் அது. பிறர் பிள்ளைகளைப் பாதுகாப்பின்றிப் படகில் ஏற்றியவர் தம் கடமையிலிருந்து தப்பிக்க அதைக் கேடயமாகப் பிடிக்கலாகாது. அந்தப் பிள்ளை அவர் கையில் இருந்த அமானத். ஷஹீதுக்குரிய நன்மை பிள்ளைக்கு; அமானத்தைப் பற்றிய விசாரணை அவருக்கு.

“குளம் மாதிரி” இருந்த கடல்

அந்த மீனவப் பெரியவர் எதைக் கண்டு தடுத்தார்? தென்மேற்குப் பருவக் காலத்துக் காலைகளில் நம் கரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும். நண்பகலை ஒட்டியே கடற்காற்று எழும். நிலக்காற்று வீசும்போது கரையோரத்து நீர் தட்டையாகக் கிடக்கும். பழக்கமில்லாதவர் அதை அமைதி என்று எண்ணுவார். ரப்பர்ப் படகோ எடை குறைந்தது; நீருக்குள் அதிகம் அமிழாது; அதன் உடல் முழுவதும் காற்றுக்குப் பாய்போல் நிற்கும். மோட்டார் நின்ற கணத்திலிருந்து அது வங்கக் கடலை நோக்கித்தான் போகும். மரப் படகுக்கு எளிதான நாள்கூட ரப்பர்ப் படகுக்கு ஆபத்தான நாளாகலாம். தலைமுறைகளாகக் கடலை வாசித்தவருக்கு ஒரு பார்வையில் தெரிந்த இந்த உண்மையை, கல்வி கற்ற நாம் கேட்கவும் மறுத்தோம். மரக்காயர் மரபையும் மரக்கலத்தில் வாணிபம் செய்த முன்னோரையும் மேடைதோறும் பெருமை பேசும் சமுதாயம் நாம். அந்த முன்னோர் மாலுமியின் சொல்லை மீறிப் பாய் விரித்திருந்தால் பெருமை பேச இன்று நாம் இருந்திருக்க மாட்டோம்.

பிறர் பட்ட துயரங்கள் நம் கண்முன் கிடக்கின்றன. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத்துத் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, இருட்டும் வேளையில் செலுத்தினார்கள். 22 பேர் மாண்டனர். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நம் சகோதரர்கள். பலர் குழந்தைகள். 2021 நவம்பர் 23 அன்று இலங்கையின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்குச் சென்ற சிறார்களுடன் மிதவைப் படகு கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியாததால் அம்மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கியின் போத்ரம் கரையிலிருந்து புறப்பட்டுக் கவிழ்ந்ததும் இதே போன்ற சிறு ரப்பர்ப் படகுதான். சிறுவன் ஆலன் குர்தியும் அவன் அண்ணனும் தாயும் அதில் மாண்டனர். போரிலிருந்து தப்பியோடியவர்கள் அவர்கள். வழியில்லாதவர்கள் ஏறிய படகில், எல்லா வசதியும் உள்ள நாம் பொழுதுபோக்கிற்காக அதே நிலையில் ஏறுவது என்ன நியாயம்?

முதல் பயணத்திற்கு முன்

படகில் செல்லவே கூடாது என்று நாம் கூறவில்லை. குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பது நபிவழி. நீச்சல் கற்பதை வீண் விளையாட்டுகளில் சேர்க்காத நபிமொழியை இமாம் நஸாயீ பதிவு செய்துள்ளார். செய்வதைச் செம்மையாகச் செய்யுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

முதலாவது, படகை வீட்டிலேயே முழுமையாகக் காற்றடைத்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடம் குமிழிடும். ஒவ்வோர் அறையிலும் தயாரிப்பாளர் குறித்த அளவே காற்று இருக்கட்டும். வெயிலில் காற்று விரியும். குளிர்ந்த நீரில் சுருங்கும். ஆகவே நீரில் இறக்கிய பின் மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். நீர் வடியும் துளையின் அடைப்பான் இறுக மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம் கரையில் அலைத்தடுப்புப் பாறைகள் உள்ள இடங்களில் ரப்பர்ப் படகை இறக்குவதும் ஏற்றுவதும் கிழிசலை விலைகொடுத்து வாங்குவதாகும்.

இரண்டாவது, படகில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று அதில் இருக்கும். மோட்டார், பெட்ரோல், சாப்பாட்டுக் கூடை எல்லாம் அந்த எடைக்குள் அடங்க வேண்டும். மடியில் அமர்ந்த குழந்தையும் ஓர் ஆள்தான்.

மூன்றாவது, மோட்டாரைப் பின்பலகையில் இறுக்கி, அது கழன்றால் நீரில் விழாதபடி தனிக் கயிற்றாலும் கட்டுங்கள். அதனுடன் வரும் சுருள் கயிறு ஒன்றுண்டு. அதன் ஒரு முனை மோட்டாரில், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ அங்கியிலோ இருக்க வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று மோட்டார் நின்றுவிடும். கட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து, விழுந்தவரையே தன் விசிறியால் வெட்டக்கூடும். ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன நபிமொழிக்கு இதைவிடத் தெளிவான இன்றைய உதாரணம் நமக்குத் தோன்றவில்லை. ஐந்து வினாடி வேலை. அதையும் செய்யாமல் பயண துஆவை மட்டும் ஓதுகிறோம்.

நான்காவது, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். அதைப் படகின் மூலையில் அடுக்கி வைக்காமல், கரையிலேயே அணிந்து வார்களைப் பூட்ட வேண்டும். குழந்தைக்குக் குழந்தையின் எடைக்குரியதே வேண்டும். கால்களுக்கு இடையிலான வார் இல்லையேல் நீரில் குழந்தை கீழே நழுவ, அங்கி மட்டும் மிதக்கும். காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருள்கள். மலிவானதை நம்ப வேண்டாம்: துருக்கியின் இஸ்மீரில் 2016 ஜனவரியில், அகதிகளுக்கு விற்பதற்கென்று செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலி அங்கிகள் பிடிபட்டன. வாங்கியதை முதலில் ஆழமில்லாத நீரில் அணிந்து மிதந்து பாருங்கள்.

ஐந்தாவது, இரு துடுப்புகள், நங்கூரமும் நீண்ட கயிறும், நீர் இறைக்க வாளி, கைப் பம்பு, விசில், டார்ச், குடிநீர், நீர்புகா உறையில் முழு சார்ஜ் ஏற்றிய கைபேசி ஆகியன இன்றிப் புறப்பட வேண்டாம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. கரையில் ஒருவரிடம் எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லுங்கள். அந்நேரம் கடந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அவர் அழைக்கட்டும். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையையும், அதற்கு மேலாகக் கரையில் நிற்கும் மீனவரின் சொல்லையும் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நம் கோடை விடுமுறையில், உதவிக்கு வரக்கூடிய கண்கள் கடலில் குறைவு. எங்கே படகு செலுத்தலாம், என்ன பதிவு வேண்டும் என்பதைத் துறைமுகத் துறையிடம் முன்னரே கேட்டறிவதும் கடமை.

ஆறாவது, முதல் நாள் குழந்தைகள் வேண்டாம். பெரியவர் இருவர் மட்டும், அலையில்லாத, அனுமதியுள்ள நீர்நிலையில், கரையை ஒட்டிப் பழகுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பால் திரும்ப முடிகிறதா? நீரில் விழுந்தவர் மீண்டும் ஏற முடிகிறதா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் வரை பிள்ளைகள் கரையிலேயே இருக்கட்டும்.

நம் பெண்களைப் பற்றி

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பெண்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. நாணத்தின் பெயரால் கற்றுக்கொடுக்க மறுக்கிறோம். பின்னர் நனைந்தால் கனக்கும் அபாயாவுடன், லைஃப் ஜாக்கெட் இன்றிப் படகில் ஏற்றுகிறோம். ஹயா ஈமானின் கிளை. உடலை மறைக்கும் நீச்சல் உடை இன்று கிடைக்கிறது. பெண்களுக்கென நேரம் ஒதுக்கிப் பெண் பயிற்சியாளரை அமர்த்துவது ஜமாஅத்திற்கு இயலாத காரியமன்று. ஆடையின் மேல் அங்கியை அணிந்தால் கண்ணியத்திற்கு என்ன குறை? அங்கிக்கு மேல் தளர்ந்த ஆடையை அணிவதுதான் ஆபத்து.

கரையில் நிற்போரின் கடமை

ஒரே கப்பலின் மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் பயணம் செய்தவர்களைப் பற்றிய நபிமொழி புகாரியில் உள்ளது. தண்ணீருக்காகக் கீழ்தளத்தார் கப்பலில் ஓட்டை போட முனைகிறார்கள். மேல்தளத்தார் அவர்களை விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். வைத்திக்குப்பத்தில் அன்று கையைப் பிடிக்க வந்தவர் அந்த மீனவர். மேல்தளத்தில் நின்றும் கைகட்டி வேடிக்கை பார்த்தவர்கள் நாம்.

ஆகவே, விடுமுறைக் காலத்து ஜும்ஆக்களில் ஒன்றையேனும் இதற்கென ஒதுக்கும்படி இமாம்களை வேண்டுகிறோம். இனி இத்தகைய படகைக் காணும் ஒவ்வொருவரும் விருந்தாளி, உறவினர் என்று பாராமல் கேளுங்கள்: கயிறு கட்டினீர்களா? அங்கி அணிந்தீர்களா? மீனவரிடம் கேட்டீர்களா? கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், மய்யித் தொழுகையில் வரிசையில் நிற்பதைவிட அது இலகு.

அந்த இளைஞரின் பெயரைப் பின்னர் நாமே சென்று கேட்டறிந்து, நன்றி சொல்லி வந்தோம். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பதும் நாம் நடத்தும் பாடங்களில் ஒன்றுதான்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கரையிலும் கடலிலும் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.