எந்தக் கதையை முதலில் வாசிப்பது?

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், படிக்கக் கூடாதுன்னுட்டாங்க. மருமக வாசிச்சுக் காட்டுறேங்குறா. நல்ல கதையா நாலு சொல்லுங்க" என்றார்.

இப்படிக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? பெரிய பெயர்களாக நாலைந்து சொல்லி, எல்லாமே அருமையா இருக்கும் என்று முடித்துவிடுவோம். அது பரிந்துரையே இல்லை என்பது என் கட்சி. ஒரு கதையைச் சொல்ல வேண்டும், அது ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

நான் அவருக்கு ஒரே ஊர்க்காரர்கள் இருவரைச் சொன்னேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்ன கிராமம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே பிறந்து சேர்ந்து வளர்ந்த சிநேகிதர்கள். இருவருக்குமே சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் காலமான பிறகு. கி.ரா.வுக்கு 1991இல். ஒரு கிராமத்துக்கு இரண்டு விருது என்பது லேசான விஷயமா?

கி.ரா.வில் 'கதவு'. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளுக்கோ அந்தக் கதவுதான் விளையாட்டு, அதுதான் பஸ். கதை இவ்வளவுதான். வாடைக்காற்றில் கதவில்லாத வீடு எப்படி இருக்கும் என்று, கிராமத்தில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கி.ரா.வும் விளக்கவில்லை.

அழகிரிசாமியில் எல்லோரும் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத்தான் சொல்வார்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி வந்து சேர்ந்த அநாதைப் பையனைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வைத்துக்கொள்ளும் தாயம்மாளை மறக்க முடியாது. நல்ல கதைதான், சந்தேகமில்லை. ஆனால் என் ஓட்டு 'அன்பளிப்பு' கதைக்கு.

அதில் குழந்தைகளுக்குப் புத்தகமெல்லாம் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு நல்ல மனிதர் வருகிறார். இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. கோபமா, புகாரா, எதுவும் இல்லை அவனிடம். பிறகு ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசாரம் செய்து, தானே வாங்கி வைத்திருந்த டைரியை நீட்டி, அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறான். தாயம்மாள் கதையை வாசித்தால் நாமும் தாயம்மாளாகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும். சாரங்கன் கதையில் அந்தச் சௌகரியம் கிடையாது. நாம் யாருக்குக் கொடுக்கவில்லை என்றுதான் யோசிக்க வைக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியாராக இருந்தபோது வருஷா வருஷம் என் கைக்காசில் ஐந்தாறு புத்தகம் வாங்கி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒருமுறை பின்பெஞ்சுப் பையன் ஒருவன் வராந்தாவில் வந்து நின்று, "அதுல ஒண்ணு நான் வாசிச்சிட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டான். "முதல்ல பாஸ் பண்ணுடா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டான் என்றார்கள். 'அன்பளிப்பு' கதையை நான் வாசித்தது அதற்கும் பல வருஷம் கழித்து. அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

கவிதையும் ஒன்று கேட்டார் நண்பர். புதுக்கவிதை எனக்கு அவ்வளவாக ஓடாது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைச் சொன்னேன், கழுகுமலை முருகன் மேல் பாடியது. அதையும் அழகிரிசாமியே பதிப்பித்திருக்கிறார். கண்ணால் படிப்பதைவிட, யாராவது பாடக் கேட்பது உத்தமம். மருமகளுக்குப் பாட வருமா என்று கேட்டேன், சிரித்தார்.

நேற்றுப் போன் வந்தது. 'கதவு' ஆயிற்றாம், 'ராஜா'வும் ஆயிற்றாம். சாரங்கனைத் தனக்குக் கண் தெளிந்த பிறகு தானே வாசித்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம், இன்றைக்கே வாசிக்கச் சொல்லுங்கள், மருமகளும் கேட்கட்டும் என்றேன். அவர் மருமகளும் டீச்சர்தான்.