எந்தப் பக்கத்தில் மூடினீர்கள்?

ஒரு நாவலை வாசகர் எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார் என்பது அதை எழுதியவருக்குத் தெரியலாமா? தெரியத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் வாசகரிடம் கேட்டுக்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும். மின்நூல் உலகில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. யாரும் படிக்காத விதிமுறைப் பட்டியலில் ஒரு வரியைச் செருகிவிட்டு வாசிப்பைக் கணக்கெடுக்கிறார்கள். எடுத்த கணக்கை எழுதியவருக்கும் முழுதாகக் காட்டுவதில்லை.

நான் மாத நாவல் எழுதிப் பழகியவள். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் நாவல்கள் வாடகை நூல் நிலையங்களுக்குப் போய், நாலைந்து சேர்த்து பைண்ட் செய்யப்பட்டு, வருஷக்கணக்கில் வீடு வீடாகச் சுற்றும். அந்த பைண்டைக் கையில் எடுத்து, திறக்காமல், பக்கவாட்டு விளிம்பை மட்டும் பார்த்தால் போதும். ஜனங்கள் படித்த இடம்வரை கைபட்டுக் கறுத்திருக்கும், படிக்காத இடம் வெள்ளையாக இருக்கும். உள்ளே பென்சிலில் ‘படிக்கலாம்’, ‘சுத்த வேஸ்ட்’ என்று தீர்ப்புகள். ஏற்கெனவே படித்ததை மறந்து மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று ஏதோ ஒரு பக்கத்து மூலையில் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிலர் ஒரு சுழி போட்டு வைத்திருப்பார்கள். நாவல் எங்கே தொய்ந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். யார் கை அழுக்கு, யார் போட்ட சுழி என்பது கடைக்காரருக்கே தெரியாது. அதனால் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

லண்டனில் ஆண்ட்ரூ ரோம்பெர்க் என்பவர் தொடங்கிய ஜெல்லிபுக்ஸ் நிறுவனம் இந்த வேலையைக் கணினி வழியாகச் செய்தது. வெளிவராத நாவலை வாசகர்களுக்கு இலவசமாகத் தரும். மின்நூலுக்குள் ஒரு சிறு நிரல் இருக்கும். எப்போது படித்தார்கள், எந்த அத்தியாயம்வரை வந்தார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். அத்தியாய முடிவில் இருக்கும் இணைப்பை வாசகர் தானே தட்டினால்தான் அந்தத் தகவல் நிறுவனத்துக்குப் போகும். 2016இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியது. ஏறக்குறைய 200 புத்தகங்களைச் சோதித்திருந்தார்கள். அவற்றில் பாதிக்கும் குறைவான புத்தகங்களையே பெரும்பாலான வாசகர்கள் முடித்தார்களாம். கைவிடுபவர்களில் பெண்கள் 50 முதல் 100 பக்கம்வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். ஆண்கள் 30 முதல் 50 பக்கத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். பெரும் தொகை கொடுத்து உரிமை வாங்கிய ஒரு நாவலை, 90 சதவீதம் பேர் ஐந்து அத்தியாயத்தோடு விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஓர் ஐரோப்பியப் பதிப்பகம் அதன் விளம்பரச் செலவைக் குறைத்தது.

இந்தக் கணக்கால் நன்மையும் உண்டு. 2014இல் மின்நூல் விற்கும் கோபோ நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், பிரிட்டனில் வாசகர்கள் அதிகம் முடித்த புத்தகம் கேஸி கெல்லஹர் சொந்தமாகப் பதிப்பித்த ஒரு திரில்லர். 83 சதவீதம் பேர் கடைசிப் பக்கம்வரை போயிருந்தார்கள். விற்பனைப் பட்டியலில் அந்த அம்மாளின் பெயரே கிடையாது. பரிசுக் குழுவும் பத்திரிகை மதிப்புரையும் எட்டிப் பார்க்காத எழுத்தாளருக்கு இப்படி ஒரு கணக்குதான் சாட்சி. குடும்ப நாவல் எழுதுகிறவள் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் எண்ணைக் கண்டதும் கும்பிடு போடவும் கூடாது. அதே 2014இல் புலிட்சர் பரிசு பெற்ற டோனா டார்ட்டின் ‘தி கோல்ட்ஃபிஞ்ச்’ நாவலை பிரிட்டனில் 44.4 சதவீதம் பேர்தான் முடித்தார்கள் என்றது கோபோ. கணிதப் பேராசிரியர் ஜோர்டான் எலன்பெர்க், அமேசானின் கிண்டிலில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து வரிகள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று சராசரி போட்டுப் பார்த்தார். அந்தச் சராசரி புத்தகத்தின் கடைசிக்கு அருகில் இருந்தால் வாசகர் முழுதாகப் படித்தார் என்று அர்த்தம். அவர் கணக்கில் அதே நாவலுக்கு அது 98.5 சதவீதம். தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்கோ 2.4 சதவீதம். இதெல்லாம் விளையாட்டுக் கணக்கு என்று அவரே சொல்லித்தான் வெளியிட்டார். ஒரு புத்தகம், இரண்டு அளவுகோல், இரண்டு தீர்ப்பு.

நம் வீடுகளில் கதை இன்னும் குழப்பம். ஒரே மின்நூல் கணக்கில் பேத்தி பேய்க்கதை படிக்கிறாள், பாட்டி திருப்புகழ் உரை படிக்கிறாள். கணினிக்கு அது ஒரே ஆள். படிக்கும் வேகமும் ஏமாற்றும். நின்று நிதானித்துப் படிக்க வைக்கும் எழுத்தாளர் லா.ச.ரா.வை ஒரே மூச்சில் படித்து முடித்தவர் எத்தனை பேர்? இரண்டு பக்கம் படித்துவிட்டு மடியில் கவிழ்த்துக்கொண்டு யோசிப்பவரை, வாசிப்பை விட்டவர் என்றுதான் இந்தக் கணக்கு பதிந்துகொள்ளும்.

இந்தக் கணக்கு கூலியாக மாறும்போது வேறு கூத்து. கிண்டில் அன்லிமிட்டெட் என்ற சந்தாத் திட்டத்தில் 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் எழுத்தாளருக்குப் பணம். அதற்கு முன்பு, வாசகர் பத்து சதவீதத்தைத் தாண்டினாலே பணம் வந்தது. அதனால் துண்டு துண்டாகப் புத்தகம் போட்டார்கள். பக்கக் கணக்கு வந்ததும் புத்தகத்தை ஊத வைத்தார்கள். முதல் பக்கத்திலேயே ஓர் இணைப்பை வைத்து வாசகரைக் கடைசிப் பக்கத்துக்குத் தாவ விட்டு, இடையில் உள்ளதெல்லாம் படித்ததாகக் காசு பார்த்த கில்லாடிகளும் உண்டு. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழும் சேர்ந்தது. இன்று நம் பெண் எழுத்தாளர்கள் பலருக்கு அந்தப் பைசாக் கணக்கு உண்மையான வருமானம். ஆனால் எழுத்தாளருக்குக் கிண்டில் தரும் அறிக்கையில் இருப்பது ஒரு நாளில் ஒரு புத்தகத்தில் படிக்கப்பட்ட மொத்தப் பக்கம் மட்டுமே. 300 என்று காட்டினால், ஒருவர் உட்கார்ந்து முழு நாவலையும் படித்தாரா, முப்பது பேர் பத்துப் பத்துப் பக்கத்தோடு ஓடிப்போனார்களா என்று எழுதியவருக்குத் தெரிய வழியில்லை. வாடகைப் புத்தக விளிம்பு சொன்ன அளவுகூட இது சொல்வதில்லை.

வாசகர் பக்கம் இதைவிடக் கவலை. 2014இல் அடோபியின் மின்நூல் மென்பொருள், வாசகர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதை மறையாக்கம்கூடச் செய்யாமல் தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அம்பலமானது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊரில் பல பெண்கள் படிப்பது கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ உள்ள கணக்கில். மனைவி தன் போனில் விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகத்தைத் திறக்கிறாள். கணவர் போனிலும் அதே கணக்கு. அவருடைய நூலகப் பட்டியலில் அந்தத் தலைப்பு வந்து நிற்கும். அவர் அதைத் திறந்தால், கடைசியாகப் படித்த பக்கத்துக்குப் போகலாமா என்று மரியாதையாகக் கேட்கும். மார்பகக் கட்டி பற்றிய புத்தகமும் அப்படித்தான், ஊருக்குத் தெரியாமல் படிக்க நினைக்கும் எந்தப் புத்தகமும் அப்படித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2011இலேயே வாசகரின் அந்தரங்கத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதியைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது.

ஆகவே தமிழில் மின்நூல் விற்கும் கடைகளும் செயலிகளும் மூன்று காரியம் செய்யட்டும். புத்தகத்தைத் திறக்கும்போதே, ‘நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்பதைப் பெயர் இல்லாமல் எழுத்தாளருக்குத் தெரிவிக்கலாமா?’ என்று தமிழில் ஒரு வரி கேளுங்கள். பதில் சொல்லாதவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சம்மதித்தவர்களின் கணக்கை அத்தியாயவாரியாக எழுதியவருக்குக் கொடுங்கள். எத்தனை பேர் என்ற எண்ணோடு கொடுங்கள். ஒரே கணக்கில் இருந்தாலும் வீட்டில் ஆளுக்கொரு தனி அலமாரி வைத்துக்கொள்ள வழி செய்யுங்கள். பதிப்பாளர்களுக்கும் ஒரு சொல்: நாலாவது அத்தியாயத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்றால், அதைத் திருத்த எழுதியவருக்கு அவகாசம் கொடுங்கள். அடுத்த நாவலை மறுக்க அதைக் காரணம் காட்டாதீர்கள்.

வாசகர்களே, அதுவரை உங்களால் ஆவது ஒன்று உண்டு. ஒரு புத்தகம் பிடிக்காமல் பாதியில் மூடினால், எந்த அத்தியாயத்தில் மூடினீர்கள், ஏன் மூடினீர்கள் என்று விமர்சனப் பகுதியில் இரண்டு வரி எழுதுங்கள். சொந்தப் பெயர் வேண்டாம், நட்சத்திரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. எந்தக் கணினியும் எங்களுக்குச் சொல்லாத அந்த ‘ஏன்’ உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.